சேய்மை ஆசிரியரும் அண்மைப் பாடமும்

தோற்றுவாய்

கல்வி கற்க விழைவோர் ஆசிரியரை நாடிச் சென்று, அவர் அருகிலிருந்து பயில்வதே தொன்றுதொட்டு வந்த முறையாகும். ஆசிரியர் ஓரிடத்தும் மாணாக்கர் வேறோரிடத்தும் இருந்து, எழுத்தின் வாயிலாகவே கற்பித்தலும் கற்றலும் நிகழ்வது பிற்காலத்து ஏற்பாடு. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல், தான் ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் வந்து பயிலாதாரும் தன் தேர்வுகளை எழுதிப் பட்டம் பெறலாம் என்று விதி செய்தது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962 இல் தபால்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1985 இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல துறைகளை வீட்டிலிருந்தே பயில வழி செய்தது; அத்துறைகளுள் மானிடவியலும் ஒன்று.

இவ்வாறு சேய்மையிலிருந்து கற்பது எல்லாத் துறைகளுக்கும் ஒரே தன்மையுடையதன்று. இரசாயனம் பயில்வோன் கல்லூரியை விட்டு விலகினால், சோதனைச் சாலையையும் விட்டு விலகியவனாவான். மானிடவியலோ மக்கட் கூட்டங்கள் எவ்வாறு உறவு கொண்டாடுகின்றன, நிலத்தை எவ்வாறு பகுத்துக்கொள்கின்றன, இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்கின்றன என்பனவற்றை ஆராயும் நூல். அதனைப் பயில்வோன் கல்லூரியை விட்டு எவ்வளவு தொலைவு சென்றாலும், அங்கும் மக்கள் இருப்பின் அவனுடைய சோதனைச் சாலை அவனைச் சூழ்ந்தே இருக்கும். அயல்நாட்டில் பல்லாண்டு தங்கி, அந்நாட்டு மொழியைப் பேசி, அம்மக்களின் பிறப்பிலும் இறப்பிலும் உடனிருக்கும் மிஷனெரிக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். ஆசிரியர் அவருக்குச் சேய்மையில் உள்ளார். பாடமோ வாயிற்படியில் நிற்கிறது.

இத்தகைய கல்வியால் விளைந்த நன்மை யாது, அதில் மறைந்திருந்த இடர் யாது என்பவற்றை, வரலாற்றில் நன்கறியப்பட்ட ஒருவரை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஒரு வினாத்தாளும் நம் உறவுச் சொற்களும்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக விளங்கியவர் லூயிஸ் ஹென்றி மார்கன் (1818–1881). இரோகுவா என்னும் பழங்குடி மக்களோடு பழகிய அவர், அவர்கள் தந்தையையும் தந்தையின் உடன்பிறந்தானையும் ஒரே சொல்லால் குறிப்பதையும், தாயின் உடன்பிறந்தானுக்கு மட்டும் வேறு சொல் வைத்திருப்பதையும் கண்டு வியந்தார். 1858 இல், மொழியால் முற்றிலும் வேறுபட்ட ஓஜிப்வா மக்களிடத்தும் இதையொத்த முறையே வழங்குவதை அறிந்தார். இம்முறை உலகில் வேறெங்கெல்லாம் உளது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. உலகெங்கும் அவர் ஒருவரே சென்று காண்பது இயலாதாகையால், இருநூற்றுக்கு மேற்பட்ட உறவுகளை வரிசைப்படுத்தி ஒரு வினாத்தாள் அச்சிட்டு, ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் துணையோடு பல நாடுகளிலிருந்த தூதர்க்கும் மிஷனெரிமார்க்கும் அனுப்பினார்.

அவ்வாராய்ச்சியில் அவருக்குப் பேருதவி புரிந்தது தமிழ் மொழி என்பதை நம் மாணவர் அறிந்து மகிழ்தல் தகும். ஆர்க்காட்டு மிஷனில் ஊழியம் செய்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழரின் உறவுச் சொற்கள் மார்கனுக்குக் கிடைத்தன. நாம் தந்தையின் உடன்பிறந்தாரைப் பெரிய தந்தை, சிறிய தந்தை என்கிறோம். தாயின் உடன்பிறந்தாளைப் பெரிய தாய், சிறிய தாய் என்கிறோம். இவர்களுடைய மக்கள் நமக்கு அண்ணன் தம்பியரும் அக்காள் தங்கையருமே. தாயுடன் பிறந்தானோ அம்மான். தந்தையுடன் பிறந்தாளோ அத்தை. அவர்களுடைய மக்கள் நமக்கு உடன்பிறந்தார் ஆகார், மைத்துனனும் மைத்துனியுமே ஆவர். ஆங்கிலேயர் இவர்கள் எல்லோரையும் 'அங்கிள்', 'ஆண்ட்', 'கசின்' என்னும் மூன்று சொற்களுள் அடக்கிவிடுவர். நமக்கு இயல்பாய்த் தோன்றும் இப்பாகுபாடு ராச்செஸ்டர் வழக்கறிஞருக்கு ஒரு புதையலாய்த் தோன்றிற்று. அவர் திரட்டியவெல்லாம் 1871 இல் பெருநூலாக வெளிவந்தன. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர் என்பதற்கு இவ்வொப்புமையே சான்று என்று அவர் கொண்ட முடிபைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. தமிழர் முறைக்கும் இரோகுவா முறைக்கும் இடையே நுட்பமான வேறுபாடுகள் உள என்றும் காட்டினர். ஆயினும், உறவுமுறை என்பதை ஆராய்ச்சிப் பொருளாக்கிய பெருமை அவருக்கே உரியது.

பிஜித் தீவில் ஒரு மாணாக்கர்

அவ்வினாத்தாள் சென்றடைந்தவருள் ஒருவர் லாரிமர் பைசன் (1832–1907). இங்கிலாந்தில் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் சேர்ந்தும் படிப்பை முடித்தாரல்லர். 1856 இல் பொன் தேடி ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். அங்கே மனமாற்றமடைந்து, 1860களின் முற்பகுதியில் வெஸ்லியன் சபையின் மிஷனெரியாகப் பிஜித் தீவுகளை அடைந்தார். 1869 இல், கோல்ட்வின் ஸ்மித் என்னும் பேராசிரியர் வாயிலாக மார்கனுடைய வினாத்தாள் அவர் கைக்கு வந்தது.

அதனை நிரப்பத் தொடங்கிய பின்னரே, தாம் நாள்தோறும் கேட்டுப் பேசிவந்த சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு மறைந்திருப்பதைப் பைசன் உணர்ந்தார். பிஜி மொழியில் தந்தைக்குரிய 'தமா' என்னும் சொல் தந்தையின் உடன்பிறந்தானுக்கும் வழங்கும். தாய்க்குரிய 'தினா' என்பது தாயின் உடன்பிறந்தாளுக்கும் வழங்கும். அம்மானின் மகனைக் குறிக்கத் 'தவலே' என்னும் தனிச்சொல் உண்டு. அம்மான் வீட்டுப் பொருள்மீது மருமகன் கொண்டாடும் 'வாசு' என்னும் உரிமை அந்நாட்டில் பெயர்பெற்றது. தமிழர் எவரேனும் அவ்வூரில் ஒரு திங்கள் தங்கியிருப்பின் இவற்றுட் பலவற்றை எளிதில் அறிந்துகொண்டிருப்பர். ஆங்கிலேயராகிய பைசனுக்கோ, இவ்வொழுங்கைக் காண்பதற்கு வெகுதொலைவிலிருந்து வந்த ஒரு தாள் கண்ணாடியாக உதவிற்று.

பைசன் பிஜி, தொங்கா ஆகிய தீவுகளின் உறவுமுறைகளை எழுதியனுப்பினார். மார்கன் அவற்றைத் தம் நூலின் இறுதியில் சேர்த்துக்கொண்டார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து மார்கன் இறக்கும்வரை நீடித்தது. இவ்விருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. கடல் கடந்து செல்லும் கடிதத்திற்கு மறுமொழி வரத் திங்கள் பல கழியும். எனினும், பைசன் மானிடவியல் கற்ற கல்லூரி அக்கடிதங்களேயன்றி வேறில்லை.

மாணாக்கர் ஆசிரியரானது

1871 இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிய பைசன், அந்நாட்டுப் பழங்குடியினரின் உறவுமுறையையும் அறிய விரும்பிச் செய்தித்தாள்களின் வாயிலாகச் செய்தி வேண்டினார். அதற்கு விடை விடுத்தவருள் ஒருவர் கிப்ஸ்லாந்து பகுதியில் நீதிபதியாக இருந்த ஆல்பிரட் வில்லியம் ஹோவிட் (1830–1908). இவ்விருவரும் கூடித் தாமே வினாத்தாள்களை அச்சிட்டுக் குடியேறிகளுக்கும் காவலர்க்கும் மிஷனெரிமார்க்கும் அனுப்பினர். தபால் வழி கற்றவர் தபால் வழி கற்பிப்பவரும் ஆயினர். இருவர் உழைப்பும் 'கமிலராயும் குர்ணாயும்' என்னும் நூலாக 1880 இல் மெல்பர்ன் நகரில் வெளிவந்தது. அதனை அவர்கள் மார்கனுக்கே உரிமையாக்கினர்.

கடிதக் கல்வி தந்த நன்மைகள்

இக்கல்வியால் பைசன் அடைந்த நன்மைகள் மூன்று எனலாம்.

முதலாவது, வினாவும் திறம். ஒருவர் ஓரூரில் இருபதாண்டு இருந்தும், எதனைக் கேட்பது என்று அறியாராயின், கண்டது பலவாயினும் கற்றது சிலவேயாகும். சேய்மை ஆசிரியர் அவருக்கு விடைகளைத் தரவில்லை, வினாக்களையே தந்தார்.

இரண்டாவது, ஒப்பிடும் பார்வை. தாம் வாழும் தீவே உலகம் என்று எண்ணாது, அமெரிக்கக் காட்டிலும் தென்னிந்திய ஊர்களிலும் இதுபோன்றன உள என்று அறிந்தபோது, 'இம்மக்கள் விந்தையானவர்' என்னும் எண்ணம் தேய்ந்து, 'இவர்களுக்கும் ஒரு நெறி உண்டு' என்னும் எண்ணம் வளர்ந்தது.

மூன்றாவது, பணிவு. பல்லாண்டுப் பட்டறிவுக்குப் பின், இரண்டு மூன்று ஆண்டு தங்கியவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார் என்றும், பத்தாண்டு தங்கியவரே தமக்குத் தெரிந்தது சிறிதென உணர்ந்து கற்கத் தொடங்குகிறார் என்றும் கருத்துப்படப் பைசன் கூறினார். போதிக்கச் சென்றவர் ஒருவர் இதனைக் கூறினார் என்பது நினைக்கத்தக்கது.

கடிதக் கல்வியில் மறைந்திருந்த இடர்

நன்மையோடு இடரும் வந்தது. மார்கன் வினாக்களை மட்டும் அனுப்பவில்லை. அவ்வினாக்களின் உள்ளே ஒரு கொள்கையையும் அடக்கி அனுப்பினார். மனித குலம் முழுதும் ஒரே ஏணியின் படிகளில் ஏறிவருகிறது என்பதும், உறவுச் சொற்கள் பண்டை நாளில் கூட்டம் கூட்டமாக மணந்துகொண்ட வழக்கத்தின் எச்சங்கள் என்பதும் அவர் கொள்கை. 1877 இல் அவர் வெளியிட்ட 'பண்டைச் சமுதாயம்' என்னும் நூல் அதனை விரித்துரைத்தது. மாணாக்கரும் ஆஸ்திரேலியச் செய்திகளை அவ்வேணியின் கீழ்ப்படியில் அடுக்கலானார். கொள்கை பின்னர் அறிஞரால் கைவிடப்பட்டது. பைசனும் ஹோவிட்டும் திரட்டிய செய்திகளுள் நுணுகிக் கண்டு எழுதியவை இன்றும் பயன்படுகின்றன.

இதிலிருந்து தெளிவாவது யாதெனின், அருகிருக்கும் ஆசிரியரினும் தொலைவிலிருக்கும் ஆசிரியரின் சொல் மாணாக்கரை மிகுதியாய்க் கட்டுப்படுத்தக்கூடும் என்பதே. வகுப்பில் அமர்ந்திருப்போன் எழுந்து ஐயம் வினவலாம். பிற மாணாக்கர் மறுத்துரைப்பதைக் கேட்கலாம். தனித்திருந்து பயில்வோனுக்கோ அச்செழுத்தே ஆசிரியர். அதற்கு முகமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஆதலின், தான் கண்டது நூலோடு மாறுபடும்போது தன் கண்ணையே ஐயுறும் நிலை அவனுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

நிலத்தின்மேல் வந்த விளைவு

இக்கல்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். பிஜித் தீவுகள் 1874 இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டன. மறு ஆண்டில் பைசன் அங்கு மீண்டும் சென்று 1884 வரை ஊழியம் செய்தார். அப்பொழுது எழுந்த பெருவினா நிலத்தைப் பற்றியது: தலைவன் ஒருவன் தன் மக்களின் நிலத்தை வெள்ளைக் குடியேறிக்கு விற்க உரிமையுடையவனோ? நிலம் தலைவனுடையதன்று, 'மதங்காலி' என்னும் குலத்தாருக்குப் பொதுவானது, அதனை வைத்திருப்போர் முன்னோரிடமிருந்து பெற்றுப் பின்னோர்க்கு விட்டுச்செல்பவரே என்று பைசன் விரிவுரை நிகழ்த்தினார். அவ்வுரை 1881 இல் இலண்டன் மானிடவியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பழங்குடி நிலம் விலைபோகாமற் காக்க முயன்ற கவர்னர் ஆர்தர் கார்டனுடைய கொள்கைக்கு அது துணையாயிற்று. இன்றும் பிஜி நாட்டு நிலத்திற் பெரும்பகுதி பழங்குடியினர் உரிமையாகவே உள்ளது.

எனினும், இதற்கு மறுபுறமும் உண்டு. பீட்டர் பிரான்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1969 இல் வெளியிட்ட நூலில், தீவுக்குத் தீவு வேறுபட்டும் காலத்திற்கேற்ப நெகிழ்ந்தும் வந்த நிலவழக்கங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுச் சட்டமாகிவிட்டன என்று காட்டினார். மேலும், பிஜியரைத் தோட்ட வேலைக்கு இழுக்கலாகாது என்ற அதே ஆட்சிக் கொள்கையே 1879 முதல் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரக் காரணமாயிற்று. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர்; அவருள் தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் குத்தகை நிலத்தில் பயிரிட்டு, குத்தகை முடியும்போதெல்லாம் கலங்கும் நிலையை அடைந்தனர். இதற்கெல்லாம் ஒரு மிஷனெரியின் விரிவுரையே காரணம் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும், ஒரு மக்களைப் பற்றி நாம் எழுதும் வரி, நாம் எண்ணாத இடங்களிலும் எண்ணாத மனிதர்மேலும் சென்று விழும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஊழியர்க்குக் கற்றல் எதற்கு?

'போதிக்கச் சென்றவருக்கு அந்நாட்டு வழக்கங்களைக் கற்பது எதற்கு?' என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த சீகன்பால்க் ஐயர், தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை 1713 இல் எழுதி முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். தமிழரிடம் கடிதங்கள் எழுதுவித்துப் பெற்ற செய்திகளும் அவர் ஆராய்ச்சிக்கு உதவின. அந்நூலை அச்சிட ஆங்கிருந்த பெரியோர் உடன்படவில்லை. 1867 இல்தான் அது சென்னையில் அச்சேறிற்று. நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு நூல் பெட்டியில் உறங்கியதற்குக் காரணம் அறியாமையன்று. அறிவதன்மேல் கொண்ட அச்சமே.

ஆனால் கற்காத ஊழியர் தம் பணியையும் செவ்வனே செய்ய இயலாது. மெலனேசிய மிஷனைச் சார்ந்த ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன் (1830–1922) நார்போக் தீவுப் பள்ளியில் பல தீவுகளினின்று வந்த மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டே அவர்களிடம் கற்றார். 'மானா' என்று அவர்கள் கூறிய ஆற்றலைப் பற்றி அவர் மாக்ஸ் முல்லருக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக அச்சொல் ஐரோப்பிய அறிஞரிடையே பரவியது. தம் மாணவரின் மொழியில் ஆற்றல், ஆவி, தெய்வம் என்பவற்றுக்குள்ள சொற்களை வேறுபடுத்தி அறியாதவர், தம் சமயத்தை அவர்களிடம் எச்சொல்லால் கூறுவார்?

ஆயினும், இங்கே ஒரு முரண் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மானிடவியலார் ஒரு வழக்கத்தை அறிய விரும்புகிறார். மிஷனெரி அதனை மாற்றவும் விரும்பலாம். இவ்விரு விருப்பங்களும் ஒருவர் நெஞ்சிலேயே குடியிருக்கும்போது, மாற்ற வேண்டும் என்னும் விருப்பம் அறிவைத் திரித்துவிடக்கூடும். இதற்குக் கற்பதை விடுதல் பரிகாரம் ஆகாது. முதலில் முழுதும் அறிதல், பின்னரே மதிப்பிடுதல் என்னும் வரிசையைக் காப்பதே பரிகாரம்.

பயில்வோர்க்குச் சில நெறிகள்

நம் பழைய மாணவருள்ளும், ஊழியத்திற்கோ, ஆசிரியத் தொழிலுக்கோ, மருத்துவத்திற்கோ மலைநாடுகளுக்கும் அயல்மாநிலங்களுக்கும் செல்வோர் உளர். அவர்கள் தொலைநிலைக் கல்வி வாயிலாக மானிடவியல் பயில விரும்பின், மேற்கூறிய வரலாற்றிலிருந்து பின்வரும் நெறிகளைக் கைக்கொள்ளலாம்.

ஒன்று: மொழியை முதலிற் கற்க. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்ட உறவுச்சொல் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் உறவுச்சொல்லாகவே முடியும்.

இரண்டு: பொதுப்பட வினவாது, பெயரறிந்த மனிதரைக் குறித்து வினவுக. 'உங்கள் வழக்கில் அம்மானை எவ்வாறு அழைப்பீர்?' என்பதைவிட, எதிரில் வருபவர் ஒருவரைக் காட்டி, 'இவரை நீங்கள் எவ்வாறு அழைப்பீர்? ஏன்?' என்பது தெளிவான விடை தரும். 1898 இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் ரிவர்ஸ் என்னும் அறிஞர் வகுத்த வமிசாவளி முறை இத்தகையதே. பின்னர் நம் நீலகிரியில் தோடரை ஆராய்ந்தபோதும் அவர் அதனையே கையாண்டார்.

மூன்று: விடையை வினாவிலேயே வைத்துக் கேளற்க. விருந்தோம்பும் மக்கள் விருந்தினர் விரும்பும் விடையையே கூறுவர்; அது அவர்தம் பண்பு, சான்றன்று.

நான்கு: குறிப்பேட்டில் கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கத்திலும், நாம் எண்ணியதையும் நூல் கூறியதையும் மறுபக்கத்திலும் எழுதுக. கொள்கை வீழும் நாளில் முதற்பக்கம் எஞ்சி நிற்கும்.

ஐந்து: ஆசிரியர்க்கு எழுதும்போது அவர் கூற்றோடு ஒத்தனவற்றினும் ஒவ்வாதனவற்றை முன்னே எழுதுக. தொலைவிலிருக்கும் ஆசிரியருக்கு மாணாக்கர் தரக்கூடிய சிறந்த காணிக்கை அதுவே.

ஆறு: கூறியவர் பெயரைப் போற்றுக. மொசாம்பிக் நாட்டில் ஊழியம் செய்த சுவிஸ் மிஷனெரி ஹென்றி ஜூனோ, தமக்குச் செய்தி கூறிய தொங்க இனப் பெரியோரைத் தம் நூலில் பெயர்சுட்டிப் பாராட்டினார். அவர்களே அவருடைய மெய்யாசிரியர். ஆனால், பெயரை வெளியிடுமுன் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும்.

ஏழு: நம்பிக்கையால் கூறப்பட்டதைக் காக்க. துன்பத்தில் ஆறுதல் தேடி வந்தவர் போதகரிடம் கூறியது வேறு; ஆராய்ச்சிக்கென்று அறிந்து கூறியது வேறு. முன்னதைத் தேர்வுக் கட்டுரைக்குப் பொருளாக்குதல் பெரும்பிழை. ஊழியரும் மாணாக்கரும் ஒருவராகவே இருப்பவர்க்கு இதனினும் கடுமையான கடமை வேறில்லை.

முடிவுரை

பைசன் காலத்தில் மறுமொழிக்குத் திங்கள் பல காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நொடிப்பொழுதில் ஆசிரியரின் குரலையே கேட்கலாம். நூல்கள் எளிதிற் கிடைக்கின்றன, பட்டங்களும் கிடைக்கின்றன. ஆயினும், பாடத்தின் தன்மை மாறவில்லை. பல்கலைக்கழகம் வினாக்களைத் தரும்; முறையைத் தரும்; பிழைகளைத் திருத்தும். விடை தருவோர் நம் அயலாரே. அவர்களிடத்து அமர்ந்து, பொறுத்திருந்து, கேட்டுக் கற்கும் மனம் எந்தத் தபாலிலும் வருவதன்று. ஒரு மக்களுக்கு எதனையேனும் கற்பிக்கச் செல்வோர், முதற்கண் அவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்வாராக. அவர்தம் நிலமும் மானமும் நம் எழுத்தில் அடங்கியிருத்தல் கூடும் என்பதை நினைந்து, ஒவ்வொரு வரியையும் அஞ்சி எழுதுவோமாக.